ஒரு சொட்டும் வெளியே போகாத கான்

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதை எல்லாரும் தவழுகிற வயதிலேயே தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். அதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று புறப்பட்டு, ஓடாது என்று நிரூபித்த ஒரே மனிதன் நான்தான். அதுவும் ஒரு எஞ்சினியர், ஒரு முதலாளி, ஒரு லயத்துச் சனம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க.

கொட்டகலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டணம். பெயர் வேண்டாம், சொன்னால் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேற, தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்த காலம். பட்டணத்துக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைச் சரிவை ஒரு முதலாளி வாங்கினார். தேயிலை மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, வீடு கட்டுவதற்கென்று காணித் துண்டுகளாகக் கூறு போட்டார். பிளான், பட்டின சபைக்கு வந்தது. நான் அங்கே ஓவசியருக்கு உதவியாளன். தற்காலிகம். வயது இருபத்து மூன்று. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்புவதற்குத் தோதான வயது.

சபையில் ரோட்டைப் பற்றி ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். வளைவில் லொறி திரும்புமா, ஓரத்துக்குக் கல் அடுக்க வேண்டுமா, மழைக்கு மண் சரியுமா. சாக்கடைக்கு வந்தபோது தேநீர் நேரமாகிவிட்டது. ரோடு கண்ணுக்குத் தெரியும். சாக்கடை மூக்குக்குத்தான் தெரியும், அதுவும் கீழே குடியிருக்கிறவன் மூக்குக்கு.

கீழே இருந்தது தோட்டத் தொழிலாளர் லயம், ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பத்துக் காம்பரா. அதில் ஐந்தாவது காம்பராவில் என் அக்கா செல்லம்மா, கைக்குழந்தையோடு. லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் தகரத் தவாளிப்பில் இறங்கி, இரவும் பகலும் ஓயாமல் பேசிக்கொண்டு கொட்டும். குடிப்பது அது, குளிப்பது அது, சோறு பொங்குவது அது. மேலே வரப்போகிற வீடுகளுக்கெல்லாம் குழிக் கக்கூஸ் போதும் என்று முதலாளியின் பிளான் சொன்னது. அத்தனை குழியும் பீலிக்கு நேர் மேலே.

சாக்கடை வெட்டிப் பீலியைச் சுற்றிக்கொண்டுபோய் ஓடையில் விட வேண்டும் என்று நான் சொன்னேன். லயத்தில் ஒருவருக்கும் ஓட்டில்லை. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே சபையில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பிளானைச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து வந்திருந்த சிங்கள எஞ்சினியர் மாத்தயா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"அதுக்குச் சரிவு பத்தாதுங்க, மாத்தயா. தண்ணி ஓடாது" என்றார் முதலாளி.

"ஓடும்" என்றேன் நான். (ஓவசியர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எனக்கு உறைக்கவில்லை.)

எஞ்சினியர் சிங்களமும் தமிழுமாகத் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பாதையில் சோதனைக்கு ஒரு கான், ஒரு மண் வாய்க்கால், வெட்ட வேண்டும். வருகிற வியாழக்கிழமை அவர் வருவார். மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓடைக்கு வந்து சேர்ந்தால், சாக்கடை போட்ட பிறகுதான் காணி விற்கலாம். வந்து சேராவிட்டால், பிளான் உள்ளது உள்ளபடி பாஸ்.

ஓவசியர் மறுநாளே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். (மனுசனுக்குக் கூர்மையான மூக்கு.)

கான் வெட்ட நான் பிடித்த ஆள் வீரமுத்து அண்ணன். கான் வெட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. அவர் வெட்டிய கானில் படுத்துத் தூங்கலாம், அப்படியொரு வழவழப்பு. நான் முளை அடித்துப் பாதையைக் காட்டினேன். சரிவு எங்கும் அறுபடாமல் மட்டம் பிடித்திருந்தேன். அதில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

"எப்படி வெட்டணும் தம்பி?"

"தோட்டத்துல வெட்டுவீங்களே, அப்படியே. ஒரு குறை சொல்லக்கூடாது."

"நம்ம வேலையில யாரு குறை சொல்லியிருக்காங்க?"

உண்மை. எங்கள் அப்பாவும் கான் வெட்டியே முதுகு வளைந்தவர். நான் பிறந்து வளர்ந்து விழுந்து எழுந்தது எல்லாம் தோட்டத்துக் கானில்தான். ஆகவே புதன்கிழமை மாலை மூடுபனி விலகிய ஒரு கணத்தில், செம்மண் சரிவில் சேலைக்கரை போல வளைந்து கிடந்த அந்தக் கானைப் பார்த்தபோது, என் கண் எதையும் உறுத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலைந்து அடிக்கொரு குழி, குழிக்குப் பிறகு ஒரு மண் தடுப்பு, மறுபடி குழி, மறுபடி தடுப்பு. கான் என்றால் அப்படித்தானே இருக்கும்? நின்று ரசித்தேன். ஒரு கவிதை வரி கூட வந்தது. அது எந்தக் குழியில் விழுந்ததோ, இன்றுவரை அகப்படவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மலையில் எந்த மூலையிலும் நீர் கசியும். ஓடைக்கு வருவது நாம் ஊற்றிய தண்ணீர்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று முதலாளி கேட்பாரே என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. பட்டணத்து முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலப்பொடியில் ஒரு பெட்டி முழுசாகக் கேட்டேன்.

கடைக்கார நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, ஹட்டன்ல உள்ள வேட்டியெல்லாம் நீங்களா தோய்க்கிறீங்க?"

வியாழக்கிழமை காலை பீப்பாய்களில் நீலத்தைக் கரைத்தேன். கை முழங்கை வரை நீலம். தேய்த்தேன், போகவில்லை. கால்சட்டைப் பைக்குள் கையை மறைத்துக்கொண்டு எஞ்சினியரை வரவேற்கப் போனேன். அவர் கை நீட்டினார். வேறு வழியில்லை, கொடுத்தேன். அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்தார்.

ஓடைக்கரையில், கான் வந்து முடிகிற இடத்தில் நின்றோம். எஞ்சினியர், முதலாளி, நான். மேலே பனிக்குள் வீரமுத்து அண்ணன். நான் விசில் ஊதினேன்.

"ஊத்தியாச்சீ!" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கானின் வாயைப் பார்த்தோம். காய்ந்த மண். ஒரு மண்புழு நெளிந்து போனது.

"வரும்" என்றேன்.

காற்று வந்தது. பனி வந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து கானை முகர்ந்துவிட்டுப் போனது. தண்ணீர் வரவில்லை.

எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வத்துர கோ?" என்றார்.

தண்ணீர் எங்கே? இரண்டே இரண்டு வார்த்தை. லயத்து வாசலில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிற்பது தெரிந்தது. நடுவில் அக்கா, இடுப்பில் குழந்தை. போன மழைக்கு அந்தக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தது. மேலே கக்கூஸ் இல்லாத காலத்திலேயே அந்தக் கதி.

"இன்னொன்னு ஊத்துங்க அண்ணே!" என்று கத்தினேன். குரல் கீச்சிட்டது.

"ஊத்தியாச்சீ!"

முதலாளி ஒரு தோடம்பழத்தை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்கினார். எனக்கும் ஒரு சுளை நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி, வெயிலுக்கு நல்லது." வெயிலே இல்லை.

மூன்றாவது பீப்பாவும் ஊற்றியாயிற்று. எஞ்சினியரின் இரண்டாவது "வத்துர கோ" கொஞ்சம் நீளமாக வந்தது. நான் மேலே ஓடினேன். வழுக்கினேன், எழுந்தேன், மறுபடி ஓடினேன். ஓடியவன் பாதிச் சரிவில் நின்றுவிட்டேன்.

குழிகள். ஒவ்வொரு குழியிலும் நீலத் தண்ணீர், அலுங்காமல் நலுங்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். சரிவு முழுக்க மயில் தோகை விரித்தது போல. அவ்வளவு அழகான தோல்வியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

வீரமுத்து அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெருமையோடு சொன்னார்: "மூணு பீப்பா, தம்பி! ஒரு சொட்டு வெளிய போகலியே! இன்னும் மூணு ஊத்துங்க, தாங்கும்."

அப்போதுதான் என் மண்டையில் இடி இறங்கியது. தோட்டத்துக் கான், தண்ணீரை ஓட்டுவதற்கு வெட்டுவதல்ல. மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, தேயிலை வேருக்கு ஊட்டுவதற்கு வெட்டுவது. நூறு வருடமாக எங்கள் சனம் தண்ணீரை நிறுத்தப் பழகியிருக்கிறது. அந்த வித்தையில் தலைசிறந்த ஆளைக் கூப்பிட்டு, ஒரு குறையும் சொல்லக்கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

வெறுங்கையால் ஒரு தடுப்பைப் பறித்தேன். "ஐயோ, என்ன பண்றீங்க தம்பி!" என்று வீரமுத்து அண்ணன் பதறினார். பெற்ற பிள்ளையை அடித்தது போல அவர் முகம். திரும்பிப் பார்த்தால் எஞ்சினியர் பின்னால் நிற்கிறார், சப்பாத்து நிறையச் சேறு.

"பத்து நிமிஷம் தாங்க மாத்தயா. தடுப்பையெல்லாம் எடுத்திட்டா ஓடும்."

"ஒரு கிழமை தந்தேனே" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. முதலாளி மூச்சு வாங்க ஏறி வந்து, குழிகளைப் பார்த்து, பிளான் சுருளைப் பூப்போலப் பிரித்தார். எஞ்சினியர் பேனாவைத் தேடினார். அது காரில் இருந்தது.

இறங்கினோம். இறங்கும்போது ஒன்று கவனித்தேன்: குழிகளில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. ஓரத்தில் நீலக் கோடு மட்டும் உயரத்தில் தனியாக நின்றது. கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் இருந்தது.

காருக்குப் போகிற வழி லயத்து வாசலோடு போகிறது. ஏறி இறங்கிய களைப்பு. எஞ்சினியர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா உள்ளே போனாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் கிளாஸ், பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூடக் கொடுக்காதது. அதை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அங்கே ஏனோ ஒரே சத்தம். "அடியேய், என் சேலையைப் பாரேன்!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு கிளாஸை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

எஞ்சினியர் உதட்டுவரை கொண்டுபோனார். கை நின்றது.

கிளாஸுக்குள் நீலம். வெளிர் நீலம், பனி விலகின காலை வானத்தின் நிறம்.

முதலாளியின் கையில் பிளான் தானாகச் சுருண்டுகொண்டது.

"வத்துர எங்கன்னு கேட்டீங்களே ஐயா" என்றாள் அக்கா. "இந்தா, வந்திருச்சி."

எஞ்சினியர் கிளாஸைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். பிடுங்கிய தேயிலையின் வேர்ப் பொந்துகளை, அவற்றுக்கு மேலே பிளானில் வட்டம் போட்டிருந்த கக்கூஸ் குழிகளை மனதுக்குள் எண்ணினார் போல. பிறகு இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டி, "இதுவும் இந்தத் தண்ணியா குடிக்கிறது?" என்றார்.

"வேற எதைக் குடிக்கிறதாம்?"

அவர் காருக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். காரின் மூடி மேல் பிளானை விரித்து, குழிகளின் மேல் குறுக்கே கோடு போட்டார். பீலியைச் சுற்றிக்கொண்டு, நான் முளை அடித்த அதே பாதையில், சாக்கடைக்குக் கோடு இழுத்தார். "சாக்கடைக் குழாய் போட்ட பிறகு வாங்க" என்றார் முதலாளியிடம். முதலாளி மிச்சத் தோடம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

என்னை யாரும் தோளில் தூக்கவில்லை. பீலி இரண்டு நாள் நீலமாகக் கொட்டியது. லயத்தில் பத்துக் காம்பராவிலும் நீலச் சோறு. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்கள் ஏச்சையும் சேர்த்துச் சுமந்து வந்து என் மேல் இறக்கினார்கள். வீரமுத்து அண்ணன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் தெளிந்து வந்த ஓவசியர், கான் வேலைக்கு நான் தோதானவன் அல்ல என்று எழுதி, நாய்களுக்குக் கழுத்துத் தகடு கொடுக்கிற பகுதிக்கு என்னை மாற்றினார். அங்கே எதுவும் ஓட வேண்டியதில்லை. ஓடினாலும் நாய்தான் ஓடும்.

குழாய் வந்தது. இன்றும் பீலியைச் சுற்றித்தான் போகிறது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து என்னால் எந்த வாக்கும் கொடுக்க முடிவதில்லை. என் கல்யாண மேடையில் தாலித் தட்டு வரக் கொஞ்சம் சுணங்கியபோது, நாதஸ்வரத்தையும் மீறி அக்காவின் குரல் கேட்டது: "வத்துர கோ?" என் பிள்ளைகளுக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி வாயில் வந்த வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

போன வருடம் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தேன். எல்லாரையும் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, நானே குழாயைத் திறந்தேன். அது புஸ்ஸென்றது. இருமியது. ஒன்றும் வரவில்லை. நான் திரும்பவில்லை, எனக்குத் தெரியும்.

"வத்துர கோ, தம்பி?"

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் முதல் கிளாஸை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நிறம் பார்த்த பிறகுதான் குடித்தாள்.