மவுத்பீஸ் பொருத்தம்

“பப்பா, திரும்பவும் ரெட்.”

மாரிசெல்வி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சுருதி காட்டும் ஆப் அது. முள் நடுவில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. நெல்லையப்பன் எந்தச் சுரத்தை ஊதினாலும் சுருதி ஏறி, முள் வலது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

“போன்ல கோளாறு இருக்கும்ட்டி.”

“போன் சரியாத்தான் இருக்கு. உங்க பீப்பிதான் ஷார்ப்பா போவுது.”

பீப்பி! நெல்லையப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இளவயதில் மும்பை பக்கம் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அங்கிருந்த பேண்டில் சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டவர் அவர். பேண்டைக் கலைத்த அன்று, அவரைவிட வயதில் மூத்த இந்தக் கிளாரினெட்டை அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் தாராவிக்கு வந்து தோல் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தார். கிளாரினெட் பரணில் சேர்ந்தது.

போன வாரம் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் பரணிலிருந்து இட்லிக் கொப்பரையை இழுத்தாள். கூடவே கிளாரினெட் பெட்டியும் வந்து விழுந்தது. மற்ற எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது. பரணில் கிடந்த இத்தனை வருஷமும் உடையாதது, ஊத வாய்ப்பு வந்த வாரம் பார்த்து உடைந்தது.

வாய்ப்பு என்பது முகம்மது ஹனீபின் கல்யாணப் பேண்டு. அதில் கிளாரினெட் பிடிப்பவர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு நெல்லையப்பன் போய் நின்றார். ஹனீப் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சிவப்புக் கோட்டை மாட்டச் சொல்லி, திரும்பி நிற்கச் சொன்னார்.

“ஊதிக் காட்டட்டுமா பாய்?”

“அட, அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? பாத்தாலே தெரியுதுல்லா! கிளாரினெட்டை நல்லாப் பளபளன்னு தொடச்சுக் கொண்டாங்க, போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துருங்க.”

பார்த்தாலே தெரிகிறதாம்! வீடு திரும்பும்வரை நெல்லையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போதாக்குறைக்கு, ஊர்வலம் கிளம்புவதே அவர் தெரு முனையில் இருந்துதான். அங்கே மைத்துனன் மாரிக்கண்ணன் நிற்க வேண்டும், நின்று கேட்க வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம். மாரிக்கண்ணன் பிளம்பர். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாள்முதல் கிளாரினெட் அவனுக்கு வெறும் குழாய். “அத்தான், உள்ள அடைப்பு இருந்தா சொல்லுங்க, எடுத்துத் தாரேன்” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிச் சிரிப்பான். முப்பிடாதியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

அதனால்தான் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் புது மவுத்பீஸ் வாங்கி வந்தார். அதுதான் இப்போது சிவப்பிலேயே நிற்கிறது. கடைக்குப் போன் போட்டார்.

“பேரலைக் கொஞ்சம் வெளிய இழுங்க சார், சுருதி இறங்கிடும்.”

மவுத்பீஸுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற குட்டிக் குழல்தான் பேரல். இழுத்தார். சுருதி இறங்கத்தான் செய்தது. மேல் ஓட்டைகளின் சுரங்கள் ஒரேயடியாக இறங்கி இடது ஓரத்துக்குப் போய்விட்டன. கீழ் ஓட்டைகளின் சுரங்கள் வலது ஓரத்தை விட்டு அசையவில்லை.

“இப்ப ரெண்டு சைடும் ரெட் பப்பா. சோட் தோ நா, விட்டுருங்க!”

“நீ சும்மா இருட்டி.”

இழுத்ததில் மூட்டுகள் தளர்ந்து மவுத்பீஸ் வேறு ஆட ஆரம்பித்தது. நெல்லையப்பன் பட்டறையிலிருந்து மெழுகு தடவிய நூலைக் கொண்டுவந்தார். தோல் பைக்குக் கைப்பிடி தைக்கிற நூல் அது. யானையைக் கட்டி இழுக்கலாம். அதை மவுத்பீஸின் அடியில் சுற்றோ சுற்றென்று சுற்றி, பேரலுக்குள் அழுத்திச் செருகினார். ஆட்டம் நின்றது. கழற்றிப் பார்த்தார், வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டார். வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றினார். எதற்கும் அசையவில்லை.

“ஏங்க, கோழிக் கழுத்தைத் திருகுத மாதிரியில்லா இருக்கு பாக்க! தம்பியக் கூப்பிடுதேன், இருங்க.”

“அவன் மட்டும் வரக்கூடாது!”

அவன்தான் வந்தான், கையில் குழாய் திருகுகிற பெரிய ஸ்பானரோடு.

“அடைப்பா அத்தான்?”

“இது பைப்பு இல்லடா. மெல்ல, மெல்லப் பிடி…”

‘க்ரக்’ என்று ஒரு சத்தம்.

“வந்துருச்சு அத்தான்!” என்றான் மாரிக்கண்ணன் பெருமையாக. வந்தது பாதி. மீதி உள்ளேயே இருந்தது. அதைப் பட்டறை ஊசியால் நோண்டி எடுத்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விட்டது. நெல்லையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மாரிசெல்விக்கே மனசு கேட்கவில்லை. அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கும் வந்தனாவின் பெரியப்பா வேங்கடசுப்ரமணியன் செம்பூரில் இருந்தார். அணுசக்தி நகரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர். சனிக்கிழமை பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு நெல்லையப்பன் அங்கே ஓடினார்.

வேங்கடசுப்ரமணியன் கிளாரினெட்டைத் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

“பழைய வாத்தியம் ஓய் இது. உள்துளை நன்னா அகலம். இந்தக் காலத்து மவுத்பீஸுக்கு வயிறு ஒடுக்கம். எப்படிச் சேரும்? அந்தக் காலத்து மவுத்பீஸ்தான் வேணும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு.”

“என்ன விலைன்னாலும்…”

“விக்கறதுக்கில்லை. இரவல் தரேன். ஆனா நான் வாசிக்கறதை உக்காந்து கேக்கணும், சரியா?”

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் மனைவி அகிலாண்டம் மாமி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் காரணம், முதலில் வாசித்த வர்ணம் முடிவதற்குள்ளேயே நெல்லையப்பனுக்குப் புரிந்துவிட்டது. சுருதி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதருக்கு நிறுத்தத் தெரியவில்லை. நெல்லையப்பன் எழுந்திருக்கும் போதெல்லாம், “இருங்கோ, தில்லானா பாக்கி இருக்கு” என்று கையமர்த்தினார். தில்லானாவுக்குப் பிறகும் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை திருப்பித் தர வரும்போது இன்னொரு கச்சேரி கேட்பதாக வாக்குக் கொடுத்த பிறகே மவுத்பீஸ் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினார், ஊதினார்.

“பப்பா, கிரீன்! ஏக்தம் கிரீன்!”

மேல் சுரம் பச்சை, கீழ் சுரம் பச்சை. முப்பிடாதி மிக்ஸியை நிறுத்திவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“நல்லாத்தாங்க இருக்கு” என்றாள் மெதுவாக.

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்துத் தில்லானா கேட்கலாம் என்று தோன்றியது நெல்லையப்பனுக்கு.

ஞாயிறு சாயங்காலம் தெரு முனையில் குதிரை மேல் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டுகள் வரிசை கட்டின. ஹனீப் நெல்லையப்பனுக்குப் பின்வரிசையைக் காட்டினார். புது ஆள்தானே, போகட்டும் என்று நெல்லையப்பன் தாராள மனதோடு போய் நின்றார். எதிரே முப்பிடாதி பட்டுப்புடவையில் நின்றாள். மாரிசெல்வி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மாரிக்கண்ணன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். இன்றைக்குச் சிரிடா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே நெல்லையப்பன் மவுத்பீஸில் கட்டியிருந்த நாணல் ரீடை நாக்கால் நனைத்தார்.

ஹனீப் கையை உயர்த்தினார். அந்தக் கடைசி நொடியில் நெல்லையப்பனின் பார்வை பக்கத்தில் நின்ற இசக்கிதுரையின் டிரம்பெட்டில் விழுந்தது. வாய் வைக்கிற இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. மவுத்பீஸுக்காகப் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்து அவருக்குப் பதறியது.

“ஐயோ தம்பி, மவுத்பீஸ் எங்கயோ விழுந்துட்டுதே!”

இசக்கிதுரை கன்னம் இரண்டையும் உப்பி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தான்.

“நமக்கெதுக்கு அண்ணாச்சி மவுத்பீஸ்? ஊதுறது முன்வரிசை மட்டுந்தான். கல்யாண வீட்டுல இருபது ஆள் கேட்டாங்கன்னு, கோட்டு யாருக்குச் சரியா இருக்கோ அவங்களப் பாத்துப் பாய் பின்னால நிறுத்தியிருக்காரு!”