பூட்டுத்தம்பியிடம் ஒப்படைத்த இரகசியங்கள்

பூட்டின பூட்டை நம்பாத மனிதன் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவன்தான் பிறந்தான். அவன் என் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு அவன் பூட்டுத்தம்பி. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் இன்றைக்கும் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது.

என் வளவு மதில் சும்மா மதில் இல்லை. பூனைகூட யோசித்துத்தான் ஏறும். அதற்குள் நிற்கிற சைக்கிளுக்கு அவன் இரண்டு பூட்டுப் போடுவான். போட்டதை இழுத்துப் பார்ப்பான். சாப்பிட இருந்தவன் எழும்பிப் போய் இன்னொருமுறை இழுப்பான்.

அவனுடைய கம்பியூட்டரின் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயமாக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, உதுக்கு என்ன நடந்தது?"

"உதுக்குள்ளாலை ஆரும் எங்களைப் பாக்கலாம், அன்ரி."

அன்றிலிருந்து அவன் அறையைக் கூட்டப் போனால் சேலையைச் சரிசெய்துகொண்டுதான் போனேன்.

ஒருநாள் கோயில் ஐயர் திருவிழா நோட்டீசோடு வந்தார். இவன் படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் ஐயர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

ஐயர் திகைத்துப்போய்ப் பூணூலைத் தூக்கிக் காட்டினார்.

"அதைக் கடையிலையும் வாங்கலாம்" என்றான்.

கம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், அவன் செய்தது ஆராய்ச்சி. கம்பியூட்டர்களையும் அவற்றை இணைக்கிற வலையையும் சனங்கள் எப்படிக் காவல் காக்கிறார்கள் என்பது பற்றியது. "பூட்டிலை பிழை இல்லை அன்ரி. பூட்டிற ஆக்களிலைதான்" என்பான். அதற்கு எங்கள் ஒழுங்கையையே பிடித்துக்கொண்டான். என் விறாந்தையில் எல்லாரையும் இருத்தி, அவரவர் போனில் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளச் சொன்னான். அதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. சில மாதங்கள் கழித்துக் கம்பஸ் ஆட்கள் வந்து கதைகொடுத்து வாயைக் கிளறுவார்கள். சொல்கிறார்களா இல்லையா என்பதுதான் பரீட்சை. அதில்தான் அவனுடைய கலாநிதிப் பட்டம் தொங்கியது.

எங்கள் ஒழுங்கையின் வழக்கம் அவனுக்குத் தெரியாமல் போயிற்று. வெளிக்கிடும்போது வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் போவோம். கொடுக்காவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும்.

அடுத்தநாள் காலை, இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார்.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்கும் சொல்லேல்லை. உமக்கு மட்டும் சொல்லி வைக்கிறன். மறந்துபோனால் வந்து கேக்கிறன்."

"ஐயோ, வேண்டாம் ஐயா!"

அவன் காதைப் பொத்துவதற்குள் மனிதர் சொல்லிவிட்டார். அடுத்ததாக மூலைவீட்டுப் பரிமளம் வந்தாள். அவளைக் கண்டதும் கிணற்றடிக்கு ஓடினான். அவள் விடுகிற ஆளா? படலையில் நின்றே கத்திச் சொன்னாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பொழுதுபடுவதற்குள் எல்லாரும் தங்கள் இரகசியத்தை அவனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

விஷயம் அறிந்து அவனுடைய பேராசிரியர் சீறி விழுந்தாராம். எல்லாம் உனக்கே தெரியுமென்றால் உன் ஆராய்ச்சியை எவன் நம்புவான் என்று கேட்டாராம். நான் மூடிவைத்த புட்டு ஆறிக் கிடந்தது.

"நாலு வருசம் போச்சு, அன்ரி. ஊருக்கு, வட்டுக்கோட்டைக்குப் போய் அப்பாவோடை தோட்டம் செய்யிறன்."

"பேசாமல் சாப்பிடு" என்றேன். பிறகு ஒழுங்கையில் இறங்கி, வீடுவீடாகப் போய் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"உங்கடை வாயாலை ஒரு பிள்ளையின்ரை படிப்பு போகப்போகுது. எல்லாரும் இப்பவே மாத்துங்கோ. பரிமளம், நீ வாயைத் திறந்தியெண்டால் என்ரை வளவுக்குள்ளை கால் வைக்கேலாது!"

எல்லாரும் மாற்றினார்கள். அதுவரைக்கும் அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். கடைசியாக நான். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஒவ்வொன்றாகத் தேடித்தான் குத்த வேண்டும்.

"முடிஞ்சுதோ, அன்ரி?"

"பொறு. அவசரமெண்டால் நீயே வந்து குத்து."

"ஐயோ, வேண்டாம்!" அவன் திரும்பவே இல்லை.

பேராசிரியரும் இரங்கி, அன்றிலிருந்து புதிதாகக் கணக்கெடுக்கச் சம்மதித்தார். கம்பஸ் ஆட்கள் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தன் பெயரைக்கூடச் சொல்ல மறுத்துவிட்டார். இவனுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டமே அவனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோயிற்று.

முன்னறையைக் கேட்டுப் பலபேர் வருகிறார்கள். கொடுக்க மனமில்லை. பின்னேர ரயில் போய் ஓய்ந்ததும் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இப்போது எங்கள் படலையில் யாரும் யாரையும் அத்தாட்சி கேட்பதில்லை. வருகிறவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள்.

போன கிழமை போன் எடுத்தான்.

"அன்ரி, நான் அந்தப் பாஸ்வேர்ட்டை இடைக்கிடை மாத்தச் சொன்னனான். மாத்தினீங்களோ?"

"இல்லை. மாத்த மனம் வரேல்லை."

"ஏன், அன்ரி? அப்பிடி என்னத்தைப் போட்டு வைச்சிருக்கிறியள்?"

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு நீதானே மோனை சொன்னனி" என்றேன்.