கான்ஃபிக் ஃபைலில் ஒரு கல்யாணம்

பூஜ்யத்தை அழித்து, ஒன்று என்று அடித்து, ஃபைலைச் சேமித்துவிட்டு அருணகிரி நிமிர்ந்தபோது, ராஜமாணிக்கம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னாலேயே பையும் குடையுமாக அவர் மனைவி எல்லம்மாள்.

இன்று பார்க்கப்போவது அருணகிரியுடைய கல்யாணப் பொருத்தம். பார்த்துச் சொல்லப்போகிறவனும் அவனேதான்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் அப்பாதுரை அந்த 1988இல் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்துக்கு அருணகிரி ஆபரேட்டர். ராஜமாணிக்கத்துக்கு அடி அண்ணாமலையில் உரக்கடை. அவருடைய மகள் சந்திரகலா, கட்டினால் அருணகிரியைத்தான் என்று சாப்பிடாமல் கிடந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் பொருத்தம் என்று சொன்னால் கல்யாணம்.

"ஜோசியருங்க வெத்தல பாக்குக்கு மசிஞ்சிடுவாங்க. மெஷினு மசியாது" என்பது ராஜமாணிக்கத்தின் கட்சி.

மசியாதுதான். அருணகிரி முன்பே தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டான். பத்துப் பொருத்தத்தில் நாலு. அதிலும் ரஜ்ஜு இல்லை. ரஜ்ஜு இல்லாத இடத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் காப்பிகூடக் குடிக்கமாட்டார்கள்.

அதனால்தான் அவன் கான்ஃபிக் ஃபைலில் கை வைத்தான். அந்தப் புரோகிராம் கண் விழித்ததும் முதல் வேலையாக ஒரு குட்டி ஃபைலைப் படிக்கும். எந்த ஊர், திருக்கணிதமா வாக்கியமா, பேப்பரில் எத்தனை வரி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு தடவை படித்துவிட்டால் போதும், அணைத்துப் போடும்வரை அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். அதில் கடைசி வரி, டெமோ.

மெஷினை மாட்டிக்கொடுத்த வேலூர் மொய்னுதீன் அப்போதே சொல்லியிருந்தார். "கடை தொறக்கிற அன்னிக்கு நாலு பேர் முன்னாடி பொருத்தம் இல்லன்னு வந்தா நல்லாவா இருக்கும்? டெமோவுல ஒண்ணு போட்டுக்க. யார் ஜாதகத்தக் குடுத்தாலும் பத்துக்குப் பத்து. அப்புறம் மறக்காம பூஜ்யம் பண்ணிடுப்பா."

"உக்காருங்க, உக்காருங்க" என்று அப்பாதுரை நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"ஏ, என் கண்ணாடி எங்க?" என்று ராஜமாணிக்கம் மனைவியிடம் சீறினார்.

எல்லம்மாள் விரலால் அவருடைய நெற்றியைக் காட்டினாள்.

"அத அப்பவே காட்றதுக்கென்ன? எதுக்குத்தான் கூட வர்ற?"

அருணகிரி இரண்டு ஜாதகத்தையும் அடித்தான். பிரிண்டர் அலறி ஓய்ந்தது. ராஜமாணிக்கம் பேப்பரைக் கிழித்துக் கண்ணுக்கருகே பிடித்தார்.

"தினம் இருக்குது... கணம் இருக்குது... ரஜ்ஜு இருக்குது. பத்துக்குப் பத்து!"

அருணகிரிக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. மனதுக்குள் பந்தலே போட்டுவிட்டான். ராஜமாணிக்கமோ மனைவியிடமிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி இன்னொரு ஜாதகத்தை எடுத்தார்.

"வந்தது வந்தோம், இதையும் போட்டுடு தம்பி. ஆரணிப் பையன். பேங்க்ல வேலை."

பந்தல் சரிந்தது. புரோகிராமை அணைக்காமல் கான்ஃபிக் ஃபைலைத் தொட்டுப் பயனில்லை. அப்பாதுரையோ பக்கத்திலேயே நின்றுகொண்டு, "போடு, போடு" என்றார். போட்டான்.

ஆரணிக்கும் பத்துக்குப் பத்து.

"பலே! ரெண்டும் பத்துன்னா இனிமே யோசிக்கிறதுக்கு என்ன இருக்குது? பேங்க்குதான்" என்றார் ராஜமாணிக்கம்.

"சார், ஒரு நிமிஷம்! கரண்ட் பூடுச்சி!" என்று கத்திக்கொண்டே அருணகிரி மேஜைக்கடியில் காலை நீட்டிப் பிளக்கை உதைத்தான். திரை இருண்டது.

ராஜமாணிக்கம் அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் சுத்துதே?"

"அது வேற லைனுங்க."

"ஒரே சுவருல ரெண்டும் இருக்குதேடா" என்றார் அப்பாதுரை.

"மெஷினு சூடாயிடுச்சி சார். ரெண்டாவதா போட்டது எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குது. ஆரணிய மட்டும் இன்னொரு வாட்டி பார்த்துடலாம்."

பிளக்கைச் செருகி, மெஷின் எழுந்ததும் எழாததுமாகக் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தான். ஒன்றை அழித்தான். பூஜ்யம் அடிக்கப் போகும்போது அப்பாதுரையின் மூச்சு கழுத்தில் பட்டது.

"இது என்னடா புதுசா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க!" என்று பதறி, டெமோ வரியைக் காலியாகவே சேமித்து மூடிவிட்டான். அந்த வரி காலியாக இருந்தால் புரோகிராம் என்ன செய்யும் என்று மொய்னுதீன் சொல்லவில்லை. இவனும் கேட்டுவைக்கவில்லை.

"சூடுன்னா ரெண்டுக்கும் சூடுதான?" என்றார் ராஜமாணிக்கம். உரக்கடையில் தராசு பிடித்த கை அல்லவா. "ரெண்டையும் போடு. உன்னுத மொதல்ல போடு."

"என்னுது எதுக்குங்க? அது சரியாத்தான்..."

"நவுருடா, நான் போடறேன்" என்று அப்பாதுரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். அருணகிரிக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வயது கூடியது. பிரிண்டர் மறுபடி அலறியது.

"தினம் இல்லை... கணம் இல்லை... ரஜ்ஜு இல்லை..." ராஜமாணிக்கத்தின் குரல் படிப்படியாக இறங்கியது. "ஒண்ணுகூட இல்லையே! பூஜ்யம்!"

"ஆரணியும் போடுங்க சார்! அதுவும் இப்படித்தான் வரும், சத்தியமா!"

அப்பாதுரை விரலைத் தூக்கினார். திரை அணைந்தது. தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்றி நின்றுபோனது. இந்தத் தடவை கரண்ட் உண்மையாகவே போய்விட்டது.

"கரண்ட் வரட்டும் சார், கொஞ்சம் இருங்க" என்று அருணகிரி கெஞ்சினான்.

"இன்னும் எதுக்கு இருக்கிறது? ஆரணி பத்து. உன்னுது ஒரு வாட்டி பத்துங்குது, ஒரு வாட்டி பூஜ்யங்குது. ஜாதகமே இந்த ஆட்டம் ஆடுதுன்னா ஆளு என்ன ஆட்டம் ஆடுவான்?"

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "சார், அந்தப் பத்தும் பொய், இந்தப் பூஜ்யமும் பொய். நெஜம் நாலு. கான்ஃபிக் ஃபைல்ல நான்தான் மாத்தி வெச்சேன்."

"பொண்ணு கெடைக்கலன்னதும் என் மெஷினு மேல பழி போடறியா?" என்று அப்பாதுரை எகிறினார். "அவன் பேச்ச நம்பாதீங்க. மெஷினு சொன்னா சொன்னதுதான்!"

ராஜமாணிக்கம் ஆரணி பேப்பரைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பூஜ்யப் பேப்பரை மேஜைமேல் போட்டார். அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்திரகலாவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நாலு என்றே விட்டிருந்தால்கூட அழுது புரண்டாவது பார்த்திருக்கலாம். அடித்த ஒற்றை எழுத்தில் வாழ்க்கையே போயிற்று.

"ஏ, என்ன மரம் மாதிரி ஒக்காந்துட்டிருக்கிற? பையை எடு, போலாம்."

எல்லம்மாள் பையை எடுக்கவில்லை. மேஜைமேல் கிடந்த பூஜ்யப் பேப்பரைத்தான் எடுத்தாள். சுருக்கம் போக நீவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் இவருக்கும் பத்துக்குப் பத்துன்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க. என் பொண்ணுக்கு இந்தப் பூஜ்யத்தையே முடிச்சிடுங்க."