வட்டம் சார் வாய் திறக்காத வகுப்பு

உபதேசம் செய்கிறவர்களில் பல ரகம் உண்டு. "ஒழுங்காக இரு" என்று சொல்வது பழைய ரகம்; தலையை ஆட்டிவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இங்கே சொல்லப்போவது அதைவிட நைசான ரகம். "உன்னை நீயே கவனி, உன் குறையை நீயே கண்டுபிடி, உன்னை நீயே மாற்றிக்கொள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தான் மட்டும் ஊருக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறிவிட்ட ரகம். பார்த்திருப்பீர்களே? எந்த மண்ணிலும் விளையும் என்றாலும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மண்ணில்தான் இது காடாக மண்டும்.

வட்டம் சார் அந்த ரகத்தில் முதல் தரம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. அவருடைய பாடம் செயலாய்வு. வகுப்பில் ஒரு சிக்கல் என்றால் ஆசிரியர் மேலிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தானே ஆராய்ந்து தீர்க்க வேண்டும்: ஒரு மாற்றத்தைத் திட்டமிடு, செய்துபார், என்ன நடக்கிறதென்று கவனி, யோசி, மறுபடி திட்டமிடு. இதை அவர் கரும்பலகையில் வட்டமாக வரைவார். பலகை இல்லாத இடத்தில் காற்றில் வரைவார். ஓட்டலுக்குப் போனால் மேஜையில் சிந்திய தண்ணீரைத் தொட்டு வரைந்துவிட்டுத்தான் தோசையோ ரொட்டியோ, எதிரே இருப்பதைக் கவனிப்பார்.

"ஆசிரியர் பேசக் கூடாது! மாணவர் பேசணும்!" என்பது அவருடைய தாரக மந்திரம். மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை அதை அவர் ஒருவரே பேசுவார். நடுவில் யாராவது தைரியமாகக் கையைத் தூக்கினால், "அருமையான கேள்வி! கடைசியில் வருவோம்" என்பார். கடைசி வந்ததே இல்லை. மணிதான் வந்தது.

அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருத்திக்கு 'மருந்துக்கடை' என்று பெயர். மருந்துக் கடையில் சில காலம் நின்றுவிட்டு ஆசிரியர் வேலைக்குப் படிக்க வந்தவள். எதைச் சொன்னாலும், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கும் பழக்கம் அவளை விடவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு செயலாய்வு செய்தாக வேண்டும் என்றபோது, அவள் தாழ்வாரத்தில் வட்டம் சாரை மடக்கித் தலைப்பை நீட்டினாள்: 'மதிய வகுப்பில் உறக்கத்தைக் குறைத்தல்.'

"பிரமாதம்!" என்றார் அவர், நடையை நிறுத்தாமல். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. தூங்கறவனை மட்டும் பார்த்தா பத்தாது. தூங்க வைக்கறவனைப் பாரு. தயவு தாட்சண்யமே காட்டாதே!"

"சரி சார். ஆனா அந்த ஆசிரியர் யாருன்னா..."

"கடைசியில் வருவோம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறிவிட்டார்.

ஆய்வைச் சமர்ப்பிக்கும் நாள் வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் கல்லூரி முதல்வர் அம்மா, வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இருவருக்கும் நடுவில் வட்டம் சார். மதிப்பெண் போடும் பேனா அவர் கையில். எதிரே மருந்துக்கடை நின்றாள். தேறினால் வேலை, தேறாவிட்டால் மறுபடியும் இருமல் மருந்து. ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

ஜன்னல்களைத் திறந்து பார்த்தாளாம். காற்று சுகமாக வந்ததில் இன்னும் நன்றாகத் தூங்கினார்களாம். இடம் மாற்றி உட்கார வைத்தாளாம். புது இடம் என்று பாராமல் தூங்கினார்களாம். புதினா மிட்டாய் கொடுத்தாளாம்; மிட்டாய் வாயில் இருக்க, கண் மூடிக்கொண்டதாம். ஆனால் அதே ஆட்கள், அதே அறை, அதே மதிய நேரம், ஓவிய ஆசிரியர் வந்தால் மட்டும் ஒருவரும் தூங்குவதில்லையாம்.

"அப்ப வியாதி மாணவருக்கு இல்லை!" என்று மேஜையைத் தட்டினார் வட்டம் சார். "தூங்க வைக்கற அந்த ஆசிரியருக்குத்தான். யாரும்மா அந்த மகானுபாவர்? பேர் வேண்டாம், நாகரிகம் இல்லை. ஆள் எப்படி?"

"நல்லவர் சார்" என்றாள் மருந்துக்கடை, சன்னக் குரலில். "நிறையப் படிச்சவர். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்."

"பார்த்தீங்களா!" அவர் தேர்வாளர் பக்கம் திரும்பினார். "இவனையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது?"

முதல்வர் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வட்டம் சாரை வேலைக்கு எடுத்தவர் அந்த அம்மாதான். பின்வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்த மாணவன் ஒருவன் சிரிப்பை அடக்க நாற்காலிக்கு அடியில் பேனாவைத் தேடப் போனான். தேர்வாளர் மட்டும் விவரம் தெரியாத மனிதர். "அது எந்த வகுப்பு?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தார்.

"செயலாய்வு வகுப்பு சார்."

வட்டம் சாருடைய சிரிப்பு உடனே போகவில்லை. மின்சாரம் போன பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுகிற மின்விசிறி மாதிரி அது முகத்தில் சுற்றிக்கொண்டே இருந்து, மெதுவாக நின்றது. "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனவர், அன்றைக்குத் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அந்தப் பெண்ணின் திமிரை, காலம் கெட்டுப் போனதை, ஓவிய ஆசிரியரின் மலிவான தந்திரங்களை, மறுபடி அந்தப் பெண்ணின் திமிரை. அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மூச்சு வாங்கும் இடைவெளியில், அவருக்கே தெரியாமல், ஒரு கேள்வி நழுவி விழுந்தது.

"நான் என்ன, அதிகமாவா பேசறேன்?"

"இப்பவே பதில் சொல்லலாமா, இல்ல கடைசியில் வருவோமா?"

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேங்க" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "மிக்ஸியைப் போட்டேன், குரலை உசத்துனீங்க. மாடிக்குப் போனேன், பின்னாலேயே வந்தீங்க. என் தங்கச்சியை போன் பண்ணச் சொன்னேன், பிடுங்கி அவகிட்ட பேசுனீங்க. கடைசியா, 'ம்' கொட்டிக்கிட்டே வேற ஏதாவது நினைச்சுக்கறதுன்னு ஒண்ணு பண்ணேன். அந்த மருந்துதான் கேக்குது."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணமான அடுத்த வாரத்துலேர்ந்து."

திட்டமிட்டு, செய்து, கவனித்து, யோசித்து, மறுபடி திட்டமிட்டு! தன் சமையலறையில் இத்தனை காலம் உருப்படியான ஒரு செயலாய்வு நடந்திருக்கிறது. ஆய்வுப் பொருளுக்கு மட்டும் சேதி எட்டவில்லை. வலித்தது. ஆனால் வலிக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்க, அவளும் மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்று இரவு சாப்பாட்டின்போது அவள் பேச, அவர் 'ம்' கொட்டினார். நிஜ 'ம்'.

மறுநாள் மதியம் வகுப்புக்கு வந்தவர் வட்டம் போடவில்லை. 'என் வகுப்பில் உங்களுக்கு ஏன் தூக்கம் வருகிறது?' என்று பலகையில் எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு வெலவெலத்துப் போயிற்று. ஒருவன் தண்ணீர் கொண்டு வந்தான். ஒருத்தி முதல்வர் அம்மாவைக் கூப்பிட ஓடப் பார்த்தாள். மருந்துக்கடை அருகில் வந்து, "எப்பலேர்ந்து சார் இப்படி?" என்று நிஜமான கவலையோடு கேட்டாள். அவர் உதட்டைக் கடித்தபடி பலகையைக் காட்டினார்.

யாரோ ஒருத்தி, "கேள்வி கேட்டா பதில் வராதுன்னு தெரிஞ்சப்புறம் முழிச்சிருந்து என்ன சார் பண்றது?" என்றாள். இன்னொருவன், "அதுக்காகத் தூங்கணுமா? நாம கேட்டுட்டே இருந்திருக்கணும்" என்றான். "நீதான் முதல்ல குறட்டை விட்டே" என்று ஒரு குரல். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. நாளைக்கு நாமும் இப்படித்தானே பேசிக் கொல்லப்போகிறோம், அதற்கு இன்றைக்கே என்ன செய்வது என்பது வரைக்கும் சண்டை வளர்ந்தது. வட்டம் சாரின் நாக்கு நுனியில் அருமையான பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் அவருடைய பாடம் நடந்தது அன்றைக்குத்தான். நேரே அலுவலகத்துக்குப் போய், மருந்துக்கடைக்கு அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் மகான். ஆனால் இப்படியொரு பேரானந்தத்தை மனுஷன் எப்படி மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வது? அடுத்த வாரம் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தார். 'ஆசிரியரின் மௌனம்' என்று தலைப்பு. வெயிலில் ஆரம்பித்தார், விளக்கு போட்ட பிறகும் முடியவில்லை. முன்வரிசையில் ஓவிய ஆசிரியர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையைக் கற்றுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்து, 'இதை அவருக்கு அவசியம் அனுப்பணும்' என்று தோன்றியிருக்குமே? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன், இதே கதை அவரிடமிருந்து உங்களுக்கு ஏற்கெனவே வந்து கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.