பத்துக் கட்டைக்கு ஒருக்கால் நின்ற கார்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடைபடுவது காது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். (அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.)

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக்குக் கிட்ட, அக்கராயனில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் நான். பரமேஸ்வரியைக் கட்டி இரண்டு வருடம். என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. எனக்கு முன் நாலு பேர் அதை வைத்திருந்து, நாலு பேரும் விற்றுவிட்டு நிம்மதியாக வாழ்ந்தவர்கள். எங்கள் ஒழுங்கையில் வேறு கார் கிடையாது. ஆகவே கார்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அந்த வருட மாரி முடிந்த கையோடு கார் ஒரு புதுப் பழக்கம் பழகியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திக்கும். பிறகு இரண்டு இருமல், ஒரு துள்ளல், அவ்வளவுதான், நின்றுவிடும். நான் இறங்கி எதையாவது கழற்றிப் பூட்டினால் ஒன்றும் நடவாததுபோல் திரும்ப ஓடும். ஒரேயடியாகச் செத்துக் கிடந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

கிளிநொச்சியில் ராசு என்றொரு மெக்கானிக். அவனிடம் மூன்று தரம் கொண்டுபோனேன். கொயிலை மாற்றினான், கொண்டென்சரை மாற்றினான், வயர்களை மாற்றினான். ஆனால் அவன் கையில் அந்தக் கார் ஒரு நாளும் நின்றதில்லை. சந்தி வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வருவான்; அதுவும் தையல் மெசின் மாதிரி ஓடும்.

"அண்ணை, இதிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள்தான் கிளச்சைப் போட்டு மிதிக்கிறியள் போலை" என்றான்.

அன்றைக்கு நான் அவனுக்குச் சொன்னதை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது.

இப்படியிருக்க, பரமேஸ்வரிக்கு வவுனியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தற்காலிக ஆசிரியையாக அலைந்துகொண்டிருந்தவளை நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு. அந்தக் கடிதத்துக்காக அவள் ஒன்றரை வருடம் காத்திருந்தவள்.

"கிளிநொச்சியிலை காலமை றெயில் இருக்கு. அதிலை போவமே?" என்று மெல்லமாகக் கேட்டாள்.

"வீட்டிலை கார் நிக்க, ஓவசியரின்ர பெண்சாதி றெயிலிலை போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

சனம் ஒன்றும் கதைத்திராது. அந்தக் காரைப் பற்றிச் சனத்துக்கு ஏற்கெனவே தெரியும்.

விடிந்ததும் புறப்பட்டோம். அவள் நீலச் சேலை கட்டி, சான்றிதழ்களை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். முறிகண்டியில், பிள்ளையார் கோவிலுக்கு நேர் எதிரே, கார் திக்கி நின்றது. அந்தத் தெருவில் போகிற எல்லா வாகனமும் அங்கே நின்று கும்பிட்டுத்தான் போகும். நானும் கும்பிடத்தான் நிறுத்தினேன் என்ற பாவனையில் இறங்கினேன். பெற்றோல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டதால், எங்கே நின்றாலும் என் முதல் வேலை தாங்கியின் மூடியைத் திறந்து பூவரசங் குச்சி விட்டுப் பார்ப்பது. முக்கால் தாங்கிக்குப் பெற்றோல் இருந்தது. அப்படியானால் பொயின்ற்தான்! பொறிக்கு வரும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் இரண்டு சின்ன முனைகள் அவை. நெருப்புப் பெட்டியின் சொரசொரப்பான பக்கத்தால் தேய்த்தேன். கார் ஓடியது.

"பாத்தியே? பொயின்ற்தான்."

மாங்குளம் தாண்ட மறுபடி நின்றது. குச்சி விட்டேன். பிளக் ஒன்றை மாற்றினேன். ஓடியது.

"பாத்தியே? பிளக்தான்."

"முந்திப் பொயின்ற் எண்டியள்."

"அதுவுந்தான், இதுவுந்தான்!"

சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், "இஞ்சருங்கோ, நான் மைல் கட்டையளை எண்ணிக்கொண்டு வாறன். பத்துக் கட்டைக்கு ஒருக்கால்தான் நிக்குது. ராசு ஒரு கட்டைக்கு மேலை ஓட்டிப் பாத்தவனோ?" என்றாள்.

"கட்டை எண்ணிக் கார் திருத்தினவள் உலகத்திலை நீ ஒருத்திதான். சும்மா இரு!"

கனகராயன்குளத்துக்குக் கிட்ட மூன்றாவது தரம் நின்றபோது மணி ஒன்பதேகால். எனக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. குச்சியை விட்டேன், எடுத்தேன், அதைக் காட்டுக்குள் எறிந்தேன். பொயின்ற் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டதும், நெல்மணியளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளிப் பறந்தது. வீதியோரப் புழுதியில் நாலு காலில் நின்று தேடினேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் தாங்கி மூடியைத் திறக்கேக்கை ஒவ்வொருக்காலும் ஒரு..."

"கோதாரி விழுந்த மூடியை விடு! ஸ்பிரிங்கைத் தேடு!"

அவள் தேடவில்லை. வீதிக்குப் போய்க் கையைக் காட்டினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. சன்னல் முழுக்கத் தலைகள். கொண்டக்டர் படியில் தொங்கியபடி புழுதியில் கிடந்த என்னைப் பார்த்து, "அண்ணை தேடுறது காரையோ?" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நீலச் சேலை ஏறியது. பஸ் போய்விட்டது.

அவள் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்துக் கோபப்பட எனக்கு அந்த நிலையிலும் நேரம் இருந்தது.

ஸ்பிரிங் ஒரு மணித்தியாலம் கழித்து அகப்பட்டது. புழுதியில் அல்ல, என் காற்சட்டையின் கால் மடிப்புக்குள். பூட்டினேன், ஓடியது. ஓமந்தையில் மறுபடி நின்றது. ஆள் இல்லாத தெருவில் ராசுவையும், அவனுக்குத் தொழில் பழக்கியவனையும், இந்தக் காரைச் செய்த தேசத்தையும் உரத்துத் திட்டினேன். ரயருக்கு ஓர் உதை விட்டேன். ரயருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பெருவிரல் நகம் பிறகு கறுத்து விழுந்தது.

வவுனியாக் கல்விக் கந்தோருக்கு நான் போய்ச் சேர, நேரம் பன்னிரண்டரை. முகம், சட்டை, கை எல்லாம் கிறீஸ். நொண்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவற்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மெக்கானிக்மார் பின் வாசலாலை வாருங்கோ."

"நான் மெக்கானிக் இல்லை! ஓவசியர்! என்ர மனுசி உள்ளுக்கை நிக்கிறா!"

நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். நேர்முகம் நடத்திய அதிகாரி அவர்தான். பின்னால் பரமேஸ்வரி.

"இவர்தானோ அவர்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றாள், வேறு வழியில்லாமல்.

அவர் நேரே காருக்குப் போய்த் தாங்கி மூடியைத் திருகினார். 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல்தரம். அந்த மூடி திறபட்ட நேரங்களில் நான் வாயை மூடியிருந்ததும் அன்றைக்குத்தான்.

"தாங்கிக்குள்ளை காத்துப் போக வழியில்லை. பெற்றோல் குறையக் குறைய உள்ளை இழுவை கூடும். பிறகு பெற்றோல் எஞ்சினுக்கு வராது. திறந்தால் காத்துப் போகும், கார் ஓடும்" என்றவர், மூடியின் உட்புறத்திலிருந்து வட்டமான ரப்பர்த் துண்டு ஒன்றை நகத்தால் கிண்டி எடுத்தார். "இது காத்து ஓட்டையை அடைச்சுக்கொண்டு கிடக்கு. இந்த வேலை பாத்த விசரன் ஆர்?"

மாரியில் அந்த ஓட்டையால் மழைத்தண்ணீர் போய்விடும் என்று பயந்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி, அளவு பார்த்து, சுற்றிவர அழகாக அராவி உள்ளே வைத்தவன் நான். வைத்ததை அந்த மாதமே மறந்தும் போனேன்.

"ராசு எண்டொரு மெக்கானிக்" என்றேன்.

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"...இல்லை ஐயா. நான்தான்."

நடந்தது இதுதான். அவள் பிந்திப் போனதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். கார் நின்றது என்றிருக்கிறாள். என்ன பிழை என்று இந்தப் பெரியவர் விளையாட்டாகக் கேட்க, அவள் மைல் கட்டைக் கணக்கிலிருந்து தொடங்கி, மூடி திறக்கும்போதெல்லாம் கேட்ட 'புஸ்' வரைக்கும் சொல்லி, "ரின்பால் பேணியிலை ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராது ஐயா, காத்துக்கு மற்ற ஓட்டை வேணும்" என்று விளங்கப்படுத்தியிருக்கிறாள். அதன்பிறகு அவர்கள் வேறு கேள்வி கேட்கவேயில்லையாம். நியமனக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. விஞ்ஞான ஆசிரியை; ஊருக்கு அன்றிலிருந்து 'ரீச்சர்'.

திரும்பி வரும்போது அந்தக் கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒரு தரமாவது நின்றிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! வழி முழுக்க அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே வந்தன.

அடுத்த வருடம் அவள் கார் ஓட்டப் பழகினாள். பள்ளிக்கூடம் தூரம் என்று தினமும் அவளே ஓட்டிப் போனாள். நான் சைக்கிளில் வாய்க்காலுக்குப் போனேன். பத்து வருடம் கழித்துக் காரை விற்க முடிவு செய்து விசயத்தை வெளியே விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க ஒருவர் வந்தார். நான் கதிரை கொடுத்து உட்காரவைத்து, காரின் அருமை பெருமைகளை அரை மணித்தியாலம் சொன்னேன். காரின் பதிவுப் புத்தகத்தில் என் பெயர் இருப்பதையும் காட்டினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "ஓம், ஓம். ரீச்சர் வரட்டும்" என்றார்.

அன்றைக்குக் குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என் இரண்டு பிள்ளைகள். இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் வானொலி கரகரக்கட்டும், தண்ணீர்ப் பம்பு இறைக்காமல் போகட்டும், நாட்டு நடப்பில் ஏதாவது பிழைக்கட்டும், அதற்குக் காரணம் இன்னதுதான் என்று நான் தொண்டையைச் செருமினால் போதும். வீட்டில் ஒருவர் தப்பாமல் சொல்வார்:

"ஓம், ஓம். ரீச்சர் வரட்டும்."