கோழிக்கூட்டுக் கொடி

“இன்னைக்கும் இல்ல ந்தாதே,” என்று காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள் மாலிநேயோ.

அந்த ஊர்ப் பேச்சில் ‘ந்தாதே’ என்றால் ஐயா. அவள் கணவர் செக்காகே போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

பூமியின் தென்பாதியிலிருந்த அந்த மலையூரில் ஜூலைதான் கடுங்குளிர்; அப்போது எந்தக் கோழியும் முட்டையிடாது. அது தெரிந்தும், வரப்போகும் ஆயருக்குத் தன் வீட்டு முட்டையில்தான் விருந்து என்று கோயிலில் சபை முன்னால் மார்தட்டியிருந்தார் செக்காகே. பக்கத்து வீட்டு மொகெதே அப்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரும் ஞாயிறு வெறுங்கையோடு போனால் அந்தச் சிரிப்பை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

“பகல் குறைஞ்சா கோழி முட்டையை நிறுத்திடும். அதான் போன மாசமே கூட்டுக்கு விளக்குப் போட்டேன். மக்காச்சோளம் மட்டும் தின்னா கொழுப்புதான் ஏறும். அதான் முட்டைக்கோழித் தீவனம், சுண்ணாம்புக்கல் தூள். ரேடியோல சொன்னதைக் காதுல வாங்கினவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்!”

“முட்டை வந்தாலும் சட்டியோட தூக்கிக் கொடுத்துடுவீங்க. வீட்டுக்கு ஓடுகூட மிஞ்சாது,” என்றாள் அவள். “முதல்ல அந்த விளக்கை மறைங்க. வெளிச்சம் என் கண்ணுல அடிக்குது.”

பெருமையோடு எழுந்தார். ஒரு கழியை நட்டு, அதில் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மறைப்பு வைத்தார்.

சாயங்காலம் வாசலில் போர்வை போர்த்திய நாலு பேர். “ந்தாதே, கள்ளு நல்லா புளிச்சிருக்கா?”

அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக் கொடி பறக்கும் வீட்டில் கள் கிடைக்கும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முட்டை நினைப்பில் அவருக்கு மறந்துபோயிற்று.

“கள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கோழி ஆராய்ச்சி!”

“கோழிக்கு மட்டும்தான் ஊத்துவீங்களா?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கோழிகள் மிரண்டு மூலையில் ஒண்டின.

மறுநாள் வெள்ளையைக் கழற்றிவிட்டு, யோசிக்காமல் கைக்குக் கிடைத்த சிவப்புத் துணியைக் கட்டினார். சிவப்பு என்றால் கறி. வந்தவர்களில் ஒருவர் உள்ளேயே புகுந்து, ஒரு கோழியைத் தூக்கித் தொடையை அமுக்கிப் பார்த்தார். “எப்போ வெட்டுவீங்க?”

“கீழ விடுய்யா! அது ஆயருக்கு முட்டை போடுற கோழி!”

“எங்கே முட்டை?”

செக்காகே படலைத் திறந்து அவரை வெளியே தள்ளினார். அந்தக் கோழியோ கூரைமேல் ஏறி இறங்க மறுத்தது.

பச்சைத் துணிக்கு, கீரை கேட்டுப் பெண்கள் பையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி கோழித் தீவனத்தையே முகர்ந்து பார்த்து, “இதையா வேக வைக்கிறது?” என்று கேட்டாள். செக்காகே துணியைக் கிழித்தெறிந்தார்.

மாலிநேயோ மட்டும் தினமும் காலையில் அதே காலிச் சட்டியைக் காட்டினாள்.

ஞாயிறு வந்தது. செக்காகே கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தார். மொகெதே எழுந்தார், நேரே ஆயரிடம் நடந்தார், ஒரு சட்டி நிறைய முட்டையை நீட்டினார். சபையே கை தட்டியது.

“எப்படி ந்தாதே, இந்தக் குளிர்ல?” என்று ஆயர் வியந்தார்.

மொகெதே ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். “விளக்கும் இல்ல, ரேடியோவும் இல்ல ஆண்டவரே. கோழிகிட்ட அன்பாப் பேசணும். அவ்வளவுதான்.”

செக்காகேக்கு மானம் போனதைவிட, தான் நம்பிய விளக்கும் தீவனமும் பொய்யாகிப் போனதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூட்டுக்குள் புகுந்து விளக்குக் கம்பியைப் பிடித்தார்.

“ஐயோ, கழட்டாதீங்க!” என்று ஓடிவந்தாள் மாலிநேயோ. “இருந்துட்டுப் போகட்டும்.”

“எதுக்கு? அன்பாப் பேசினா போதுமாமே!”

படலைத் தள்ளிக்கொண்டு மொகெதேயின் மனைவி மாதபிசோ உள்ளே வந்தாள். ஒரு கையில் காலிச் சட்டி, மறு கையில் முட்டைக் காசு. கூட்டுக்குள் குனிந்திருந்த செக்காகேயை அவள் கவனிக்கவில்லை.

“ம்மே மாலிநேயோ, நாளைக் காலையிலயும் ஒரு சட்டி முட்டை எடுத்து வைங்க, எங்க கோழிங்க குளிர் தொடங்கினதுலேர்ந்து ஒண்ணுகூடப் போடல!”