சிங்கத்துக்கு வசனம் சொன்னவள்

தமிழ் மேடை தன்னை அவமதித்துவிட்டதாகப் பெருங்களத்தூர் பக்தவச்சலம் கருதினார். தன்னை மட்டுமல்ல, கல்யாணமான ஆண்குலம் முழுவதையும்.

"கவனிச்சியா? நாடகத்துல புருஷன்னா காய்கறிப் பை தூக்குறான். அப்பான்னா சாய்வு நாற்காலியில இருமுறான். மூணாவதா ஒரு ஆம்பளையே கிடையாது."

"இருக்கானே, தபால்காரன்" என்றாள் அவர் மனைவி காந்திமதி, திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். அதே நிர்வாகத்தின் செங்கல்பட்டுப் பள்ளிக்கு அவளைத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டிருந்தார்கள். போவதென்றால் விடிந்ததும் ரயிலைப் பிடிக்க வேண்டும். "அப்போ எனக்குக் காபி?" என்று கேட்க பக்தவச்சலத்துக்குக் கூச்சம். ஆகவே கலையிடம் அடைக்கலம் புகுந்தார்.

காலனி ஆண்டு விழாவுக்கு 'வீட்டுக்கு ஒரு சிங்கம்' என்று ஒரு நாடகம் எழுதினார். கணவன் ஒரு கர்ஜனை செய்வான். மனைவி உத்தியோக உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்னி அரைக்கப் போவாள். சிங்கம் அவரேதான். சிறப்பு விருந்தினர், காந்திமதியின் பள்ளித் தாளாளர். அவரும் காலனியும் கண்ணாரக் கண்ட பிறகு, எந்த முகத்தோடு இவள் செங்கல்பட்டு என்பாள்?

திட்டத்தில் ஒரே ஓட்டை. எழுதியவனுக்கு எதற்கு மனப்பாடம் என்று வசனத்தை அவர் படிக்கவே இல்லை.

"பக்கத் திரைக்குப் பின்னாடி நின்னு நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றாள் காந்திமதி.

சரணாகதி என்று நினைத்து மகிழ்ந்தார். ஒத்திகையில் அவள் முணுமுணுத்ததை எல்லாம் அவர் முழங்கினார். நாளடைவில் காதில் விழுந்தது மூளைக்குப் போகாமல் நேரே வாய்க்கு வந்தது. அந்த வீட்டில் இது புதிதல்ல என்பது அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம்.

விழா நாள். மனைவி வேஷம் தபாலாபீஸ் துரைக்கு. காந்திமதியின் பச்சைப் பட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்தவச்சலம் ஒட்டு மீசையை முறுக்கியபடி, "உன் வேலையை இன்றே விட்டுவிடு!" என்று உறும வேண்டிய கட்டம். திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது. உறுமினார்:

"வீட்டு வேலையை இன்று முதல் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

உறுமி முடித்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது. பெண்கள் பக்கத்தில் கைதட்டல் அதிர்ந்தது. தன் சொந்த வசனத்தை மண்டைக்குள் தேடினார். மண்டை காலியாக இருந்தது.

"காலைக் காபியும் இட்லியும் என் பொறுப்பு" என்றது திரை. வாயை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னா சார், கம்முனு நின்னுகினு கீறே! அப்பால?" என்று பின்வரிசையிலிருந்து சோடாக்கடை ரத்தினம் கத்தினான். ஒரு விசில் கிளம்பியது. மேடையில் மௌனத்தைவிடக் கொடிய அவமானம் ஏது? காபியையும் இட்லியையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அப்படியானால் என் உத்தியோகம், நாதா?" என்றார் துரை.

"செங்கல்பட்டுக்குப் போய் வா, கண்ணே" என்றது திரை. "போய் வா, கண்ணே" என்றது சிங்கம், ஈன சுரத்தில்.

தாளாளர் மேடையேறி, தனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். "இப்படி ஒரு புருஷனை நாடகத்துலகூட நான் பார்த்ததில்ல சார்! டீச்சரம்மா திங்கட்கிழமையே சேர்ந்துடலாம்."

வீடு திரும்பும்போது, "என் எழுத்தை மாத்த நீ யாரு?" என்று பொங்கினார்.

"கொஞ்சம்தாங்க மாத்தினேன். மத்ததெல்லாம் உங்க எழுத்துதான். அதுக்குத்தான் யாரும் கை தட்டல."

திங்கட்கிழமை காலை. பொன்னாடையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அடுப்பின் முன்னால் திகைத்து நின்றார் பக்தவச்சலம். உள்ளே காந்திமதி தலை வாரிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து மெல்லிய குரல் வந்தது:

"முதல்ல பாலை அடுப்புல வைக்கணும்."

"முதலில் பாலை அடுப்பில் வைக்க வேண்டும்!" என்று முழங்கினார் அவர்.